முற்றத்திற்கு வந்த பள்ளி

காலை நேரத்தில் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். இடுப்பில் ஒரு குழந்தையும் கையைப் பிடித்தபடி மற்றொரு குழந்தையுமாகத் தாய்மார்கள் அங்கன்வாடியை நோக்கி நடந்து கொண்டிருப்பார்கள். பால்வாடி, அங்கன்வாடி ஆகிய சொற்கள் தமிழ்ச் சொற்களைப் போலவே நம் மக்களின் நாவில் ஊறிவிட்டன. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பால் என்பது இங்கே குழந்தையைக் குறிக்கும். வாடி என்றால் தோட்டம். அங்கன் என்றால் வீட்டு முற்றம். குழந்தைகளின் தோட்டம் ஒன்று வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்ந்த வரலாறு அந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அது நிகழ்ந்த இடம், மும்பைக்கு வடக்கே அன்றைய தாணே மாவட்டத்தின் கடற்கரைச் சிற்றூரான போர்டி. அதை நிகழ்த்தியவர் தாராபாய் மோடக் அம்மையார். ஒரு குழந்தையை உருவாக்குவதில் பள்ளிக்கு முன்பே வீட்டுக்கும் ஊருக்கும் பங்கு உண்டு என்பதை அவர் நூல்களில் மட்டும் படித்து அறியவில்லை. தம் வாழ்விலும் பணியிலும் பட்டு அறிந்தார்.

பிறந்த வீடு

தாராபாய் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மும்பையில் பிறந்தார். தந்தையார் சதாசிவராவ் கேள்கர், தாயார் உமாபாய். இருவரும் பிரார்த்தனா சமாஜத்தில் பற்றுக் கொண்டவர்கள். 1867இல் மும்பையில் தோன்றிய அந்தச் சபை, இறைவனை அன்பால் வழிபடுவதும் சக மனிதரைச் சமமாக நடத்துவதும் ஒரே நெறியின் இரு பக்கங்கள் எனக் கொண்டது. சாதி வேற்றுமையை அது ஏற்கவில்லை. பெண்கள் கல்வி பெற வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று வெளிப்படையாக எடுத்துரைத்தது. நீதிபதி ரானடே, பேரறிஞர் பண்டார்கர் போன்ற சான்றோர் அதன் தூண்களாக விளங்கினர்.

அக்காலத்தில் இத்தகைய கொள்கைகளைப் பேசுவது எளிது. வீட்டில் கடைப்பிடிப்பது கடினம். உறவினர் விலகுவர்; ஊரார் பழிப்பர். இருந்தும் கொள்கையைத் தம் வாழ்க்கையிலேயே நடத்திக் காட்ட முனைந்த வீடுகளும் இருந்தன. தாராபாய் அத்தகைய சூழலில் வளர்ந்தார். பெண் குழந்தை படிப்பதா, எதற்கு என்னும் கேள்வி மற்ற வீடுகளில் எழுந்த காலத்தில், அவருக்குப் பள்ளியின் கதவும் கல்லூரியின் கதவும் திறந்திருந்தன. 1914இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இந்தியப் பெண்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது.

பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் முற்றத்தில் அமர்ந்து அங்குள்ள குழந்தைகளைக் குளிப்பாட்டியபோது அவரிடம் தயக்கம் இருக்கவில்லை. அந்தத் தயக்கமின்மைக்கு விதை அவருடைய பெற்றோரின் வீட்டிலேயே ஊன்றப்பட்டது எனலாம். எவரையும் தாழ்வாக எண்ணாத இல்லத்தில் வளரும் குழந்தைக்குச் சமத்துவம் தனியே கற்கவேண்டிய பாடமாக இருப்பதில்லை.

ஒரு தாயின் தேடல்

அமராவதியில் வழக்கறிஞராக இருந்த மோடக் என்பவரைத் தாராபாய் மணந்தார். அந்த இல்லறம் நிலைக்கவில்லை. 1921இல் கணவரைப் பிரிந்து, தம் சிறு மகளுடன் தனித்து வாழும் நிலை அவருக்கு ஏற்பட்டது. படித்த குடும்பங்களிலும் இத்தகைய பிரிவு பெரும் அவமானமாகக் கருதப்பட்ட காலம். தாராபாய் அதைக் குறித்துப் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. ராஜ்கோட் நகரில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். மதிப்பும் நல்ல ஊதியமும் உள்ள பதவி அது.

ஆனால் வீடு திரும்பினால் அங்கே ஒரு சிறு பெண் காத்திருந்தாள். தந்தையின் அரவணைப்பு இல்லாத குழந்தை. பாட்டி, அத்தை, சித்தி எனக் கூடியிருக்கும் உறவுகள் இல்லாத வீடு. ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்த தாய்க்குத் தம் சொந்தக் குழந்தையை எங்கே, எப்படிப் படிக்க வைப்பது என்பது பெரும் கேள்வியாக இருந்தது. அக்காலப் பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமும் ஆட்சி செய்தன. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பள்ளிகள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்நாளில் பவநகரில் நடந்துவந்த ஒரு முயற்சியைப் பற்றி அவர் அறிந்தார். கிஜுபாய் பதேகா என்னும் வழக்கறிஞர், தம் மகன் பிறந்தபின் குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, 1916இல் தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திரம் என்னும் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். அடியும் இல்லை, அச்சமும் இல்லை. கதை உண்டு, பாட்டு உண்டு, கைவேலை உண்டு. மீசை வைத்த தாய் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

தாராபாய் முதல்வர் பதவியைத் துறந்தார். 1923இல் பவநகருக்குச் சென்று கிஜுபாயுடன் இணைந்தார். தன் ஒரு குழந்தைக்காக ஒரு தாய் தொடங்கிய தேடல், பல்லாயிரம் குழந்தைகளுக்கான பணியாக அங்கே மாறியது.

பவநகரும் தாதரும்

கிஜுபாய்க்கும் தாராபாய்க்கும் வழிகாட்டியாக இருந்தவை மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகள். அந்த அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளில் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளுக்காக, அவர்கள் வாழ்ந்த கட்டடத்திலேயே அந்த இல்லம் தோன்றியது. பின்னாளில் 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்ததும் தமிழ் வாசகர் பலர் அறிந்த செய்தி.

ஆயினும் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிகள் விலை மிகுந்தவை. இந்தியாவில் அம்முறை செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே உரியதாகிவிடும் நிலை இருந்தது. பவநகரில் அக்கருவிகளை உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு செய்யும் முயற்சி நடந்தது. 1926இல் நூதன பால சிக்ஷண சங்கம் என்னும் அமைப்பு உருவாயிற்று. பெற்றோர்களுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் சிக்ஷண பத்ரிகா என்னும் இதழ் குஜராத்தியில் வந்தது. அதன் மராத்திப் பதிப்பைத் தாராபாய் நடத்தினார். குழந்தை பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது, பொய் சொன்னால் எப்படி அணுகுவது, கதை எப்படிச் சொல்வது என்று தாய்மாருக்கு விளங்கும்படி எழுதுவதே அவருடைய பணியாயிற்று. குழந்தையைத் திருத்த வேண்டுமானால் முதலில் பெரியவர்கள் மாறவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பிறகு மும்பைக்குத் திரும்பிய தாராபாய், 1936இல் தாதரில் சிசு விகார் என்னும் குழந்தைப் பள்ளியை நிறுவினார். தமிழர் மிகுந்த மாட்டுங்காவுக்கு அடுத்த பகுதி தாதர். நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைகள் அங்கே வந்தனர். பள்ளி நன்கு வளர்ந்தது, புகழும் சேர்ந்தது.

அந்த வெற்றியே அவருக்கு ஒரு கேள்வியை எழுப்பியது. குளித்து, உண்டு, நல்லாடை உடுத்தி, தாயின் கைப்பிடித்து வரும் குழந்தை பள்ளியில் மலர்கிறது. அதன் வளர்ச்சியில் பாதி வீட்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது. குளிக்க நீரும் உண்ணச் சோறும் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு இந்தக் கல்வி முறை எதைத் தரும்? நாட்டில் பெரும்பாலான குழந்தைகள் அத்தகைய வீடுகளில் அல்லவா வளர்கின்றனர்? 1939இல் கிஜுபாய் மறைந்தார். கிராமத்துக் குழந்தைகளிடம் இப்பணியைக் கொண்டு செல்லும் பொறுப்பு தாராபாயின் தோள்மீது விழுந்தது.

போர்டி: குழந்தைகள் வராத பள்ளி

1945இன் இறுதியில் தாராபாய் போர்டியில் கிராம பால சிக்ஷா கேந்திரத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 53. ஓய்வை நாடும் வயதில், நகரத்தின் வசதிகளை விட்டு, சப்போட்டாத் தோப்புகளும் மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த சிற்றூரில் புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்கினார்.

அவருக்குத் துணையாக வந்தவர் அனுதாய் வாக். புணே மாவட்டத்தில் 1910இல் பிறந்த அனுதாய்க்கு 13 வயதில் திருமணம் நடந்தது. ஆறு மாதத்திற்குள் கணவர் இறந்தார். கைம்பெண்ணாக வீட்டின் இருளில் மறைந்திருக்க வேண்டியவர், படித்து ஆசிரியையானார். இல்லறம் முறிந்த ஒருவரும் இல்லறமே தொடங்காத ஒருவரும் ஊரார் குழந்தைகளுக்குத் தாயாக நின்றனர்.

போர்டியில் பால்வாடி திறந்தது. ஓரளவு வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் வந்தனர். எவருக்காகத் தாராபாய் நகரத்தை விட்டு வந்தாரோ அந்தக் குழந்தைகள் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்தும் பழங்குடியினர் குடிசைகளிலிருந்தும் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தகைய நேரத்தில் பெரியோர் பலரும் பெற்றோரைக் குறைகூறுவது வழக்கம். படிப்பின் அருமை தெரியாதவர்கள், அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தாராபாய் அந்த வீடுகளுக்குள் சென்று பார்த்தார். தாயும் தந்தையும் விடியுமுன்பே கூலி வேலைக்குச் சென்றிருந்தனர். ஏழெட்டு வயதுப் பெண்ணின் இடுப்பில் ஒரு வயதுத் தம்பி இருந்தான். மேல்சாதியார் தெரு வழியே நடந்து சென்று ஒரு கட்டடத்துக்குள் நுழைவதே அவர்களுக்கு அச்சம் தருவதாக இருந்தது. அந்த வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பு குழந்தைக்குப் பயன்படுவதற்கு வேண்டிய நேரமும் நீரும் சோறும் இல்லை.

முற்றத்தில் ஒரு வகுப்பு

குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று தாராபாய் முடிவு செய்தார். ஆசிரியைகள் அந்தக் குடியிருப்புக்கே சென்றனர். வீடுகளுக்கு நடுவில் இருந்த முற்றமே வகுப்பறையாயிற்று. அதுவே அங்கன்வாடி.

அங்கே முதல் பாடம் எழுத்தன்று. முற்றத்தைப் பெருக்குவதிலிருந்து பணி தொடங்கியது. குழந்தைகள் கைகால் கழுவி, குளித்து, தலைவாரி, நகம் வெட்டிக்கொண்டனர். அதன் பிறகே பாட்டு, கதை, விளையாட்டு. விலையுயர்ந்த கருவிகளுக்கு அங்கே இடமில்லை. கடற்கரைச் சிப்பிகள் எண்ணப் பயன்பட்டன. இலைகள் வடிவங்களைக் கற்பித்தன. விதைகளும் கூழாங்கற்களும் பறவை இறகுகளும் பெரிது சிறிது, கனம் லேசு, வழுவழுப்பு சொரசொரப்பு என்னும் வேறுபாடுகளை விரல்நுனிக்கு உணர்த்தின. தன் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் பொருளைக் கொண்டே ஒரு குழந்தை கற்கும்போது, தன் வீடும் மதிப்புடையது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

முற்றத்தில் வகுப்பு நடந்ததால் மற்றொரு நன்மையும் விளைந்தது. குடிசை வாசலில் அமர்ந்து பாட்டி பார்த்துக் கொண்டிருப்பாள். நீர் சுமந்து வரும் தாய் சற்று நின்று பார்ப்பாள். குழந்தையை அதட்டாமலே சொல்கேட்க வைக்கலாம் என்பதையும், கண்ணில் பீளையும் தலையில் புண்ணும் ஏழைக் குழந்தையின் தலையெழுத்தல்ல என்பதையும் அவர்கள் எவருடைய உபதேசமும் இன்றிக் கண்ணாரக் கண்டனர். தனிக் கட்டடத்தில் நடந்திருந்தால் அந்த வகுப்பு குழந்தைகளுக்கு மட்டுமே பயன்பட்டிருக்கும். முற்றத்தில் நடந்ததால் அது குடும்பத்துக்கே கல்வியாயிற்று.

வார்லி மக்களின் துயரம்

போர்டிக்கு உள்ளே, சஹ்யாத்ரி மலைத்தொடரை நோக்கிச் செல்லும் காட்டுப் பகுதிகளில் வார்லி பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தாராபாய் போர்டிக்கு வந்த அதே 1945இல், அப்பகுதியில் ஒரு பெரும் கிளர்ச்சி எழுந்தது. தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களுக்குக் கூலியின்றி உழைத்த வார்லிகள், கோதாவரி பருலேகர் முதலியோரின் வழிகாட்டுதலில் கொத்தடிமை முறையை எதிர்த்து நின்றனர்.

அந்த அடிமைத்தனம் பெரும்பாலும் திருமணத்தில்தான் தொடங்கியது. மணச் செலவுக்காக ஓர் இளைஞன் நிலவுடைமையாளரிடம் சிறு தொகை கடன் பெறுவான். அதை அடைக்க அவனும் அவன் மனைவியும் ஆயுள் முழுதும் உழைப்பார்கள். இல்லறத்தின் முதல் நாளே அடிமைத்தனத்தின் முதல் நாளாயிற்று. அத்தகைய குடும்பத்தில் பிறக்கும் குழந்தை கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் ஆடுமாடுகளின் பின்னே அனுப்பப்படும். தந்தை எவர் முன்னும் தலைகுனிந்து நிற்பதை நாள்தோறும் காணும் குழந்தை, குனிவதையே வாழ்க்கை எனக் கற்றுக்கொள்ளும். சமூகம் குழந்தையை உருவாக்குகிறது என்பதற்கு இது வேதனை தரும் சான்று.

பெற்றோரின் விடுதலைக்கான போராட்டம் ஒரு பாதையில் நடந்தது. குழந்தைகளின் மலர்ச்சிக்கான பணி வேறொரு பாதையில் நடந்தது. நிமிர்ந்து நிற்கும் பெற்றோரைக் காணாத குழந்தைக்குப் பள்ளி மட்டும் துணிவைத் தந்துவிட முடியாது. அந்தத் துணிவோடு கற்கும் வாய்ப்பும் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை பழைய இடத்திற்கே திரும்பும். அந்த மண்ணுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

கோஸ்பாட் குன்றின்மேல்

1957இல் தாராபாயும் அனுதாயும் தஹாணு வட்டத்தில் உள்ள கோஸ்பாட் என்னும் குன்றுக்குத் தம் பணியை மாற்றிக்கொண்டு, வார்லி மக்களின் நடுவே குடியேறினர். அரசு தொடக்கப் பள்ளிகள் சில இருந்தன. பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. வகுப்பில் குழந்தைகள் இல்லை. சேர்ந்தவர்களும் ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிட்டனர்.

காரணத்தை இம்முறையும் அவர்கள் வீடுகளில் தேடினர். வார்லி வீட்டில் ஏழு வயதுக் குழந்தை ஒரு பொறுப்புள்ள உழைப்பாளி. பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்வாள். ஆண்பிள்ளை மாடு மேய்ப்பான். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினால் கைக்குழந்தை தனித்துக் கிடக்கும்; மாடுகள் பிறர் வயலில் இறங்கும். புல் அறுக்கும் பருவத்தில் கூலிக்காகப் பெற்றோர் வெளியே சென்றுவிட்டால் வீட்டின் பொறுப்பு முழுவதும் சிறுவர்களைச் சேரும். எனவே பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் மடமையால் அவ்வாறு செய்யவில்லை. குடும்பம் உயிர்வாழ அதுவே வழியாக இருந்தது.

குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது ஒரு தீர்வு. பழங்குடிப் பகுதிகள் பலவற்றில் அவ்வாறே செய்யப்பட்டது. தாராபாய் வேறு வழியைத் தேர்ந்தார். தம்பியைச் சுமக்கும் பெண்ணிடமிருந்து தம்பியைப் பறிக்க வேண்டியதில்லை. தம்பியோடு அவள் வரட்டும். கைக்குழந்தைகளுக்கான காப்பகம், மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பால்வாடி, பெரியவர்களுக்குத் தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். அதற்கு விகாஸ்வாடி என்று பெயர். அக்கா தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்பில் அமர்வாள். அவன் அழுதால் அந்தக் குரல் அவளுக்குக் கேட்கும்; ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாலையில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவாள். குடும்பப் பாசமும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் கைகோத்து நடந்தன.

மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு வேறொரு வழி பிறந்தது. அவர்கள் பள்ளிக்கு வர இயலாதாகையால், மேய்ச்சல் நிலத்துக்கே ஆசிரியர் சென்றார். அது குரண்சாலை, அதாவது புல்வெளிப் பள்ளி. மரநிழலில் வகுப்பு நடக்கும். மாடுகள் கண்ணெதிரே மேயும். பகல் முழுதும் உழைப்பவர்களுக்காக இரவுப் பள்ளியும் நடந்தது. வீட்டின் ஒழுங்குக்கேற்பப் பள்ளியின் நேரமும் இடமும் அமைந்தன.

ஊரே ஆசான்

வார்லி குழந்தைகள் வெறும் பாத்திரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. எந்த மரத்தின் பட்டை மருந்தாகும், எந்தப் பறவை எப்போது கூடு கட்டும், மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்பவை அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தாத்தாவின் பின்னால் காட்டில் நடந்தே அவற்றைக் கற்றிருந்தனர். மண்ணும் சாணமும் மெழுகிய சுவர்களில் அரிசி மாவைக் கரைத்துப் பெண்கள் தீட்டும் திருமண ஓவியங்களைப் பார்த்தே வட்டமும் முக்கோணமும் சதுரமும் அவர்கள் கண்களுக்குப் பழகியிருந்தன. நம் பெண்கள் வாசலில் இடும் மாக்கோலத்தைப் போன்றதே அது. தார்ப்பா என்னும் சுரைக்குடுவை இசைக்கருவியின் நாதத்திற்கு ஊரே கைகோத்து ஆடும்போது, ஒருவர் அடியை மற்றவர் அடியோடு ஒத்துவைக்கும் ஒழுங்கையும் குழந்தைகள் கற்றனர்.

பாடநூல் இவற்றுள் எதையும் அறியாது. நகரத்து வீட்டையும் நகரத்து மொழியையும் அது பேசியது. தன் வீட்டில் இல்லாத பொருள், தன் தாய் பேசாத சொல் எனப் பக்கத்துக்குப் பக்கம் அந்நியத்தைக் கண்ட குழந்தை, தன்னை அறிவற்றவன் என்று எண்ணிக்கொண்டு வாய் மூடியது. தாராபாயின் நோக்கம் அந்த வாயைத் திறப்பதாக இருந்தது. குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பாலம் கட்டுவதே ஆசிரியர் பணி எனக் கொண்டார். ஏழை வீட்டின் குறையை அகற்ற அவர் முயன்றார். அந்த வீட்டின் செல்வத்தை அவர் குறையாக நினைக்கவில்லை.

விட்டுச் சென்ற சொல்

தாராபாய் நாடு விடுதலை பெறுவதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1962இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. எனினும் அவர் மனம் கோஸ்பாட் குன்றிலேயே இருந்தது. முதுமையில் உடல் தளர்ந்தபோது, அனுதாய் பணியைத் தம் கையில் ஏற்றார். ரத்த உறவு ஏதும் இல்லாத அவ்விருவரும் தாயும் மகளும் போல் வாழ்ந்தனர். குடும்பம் என்பது பிறப்பால் மட்டும் அமைவதன்று. ஒரே பணியை அன்போடு பகிர்வதாலும் அமையும் என்பதற்கு அக்குன்றின் வாழ்க்கை எடுத்துக்காட்டு.

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் தாராபாய் மறைந்தார். அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனுதாய் அப்பணியைத் தொடர்ந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் ஜம்னாலால் பஜாஜ் விருதும் கிடைத்தன. 1992இல் அவரும் மறைந்தார்.

தாராபாய் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நடுவண் அரசு 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, பள்ளி முன்பருவக் கல்வி, தாய்மாருக்கான அறிவுரை ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். அந்த மையங்களுக்கு அங்கன்வாடி என்று பெயர் சூட்டப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. போர்டியும் கோஸ்பாடும் அடங்கிய பகுதி 2014இல் தாணேயிலிருந்து பிரிந்து பால்கர் மாவட்டமாயிற்று. சொல் மட்டும் மாவட்ட எல்லையையும் மொழி எல்லையையும் கடந்து குமரிமுனை வரை வந்து சேர்ந்தது.

நம் வீட்டு முற்றம்

சொல் வந்துவிட்டது, அதன் பொருளும் முழுமையாக வந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அங்கன்வாடி என்பது சோறும் சத்துமாவும் வழங்கும் இடமாக மட்டுமே பார்க்கப்படுகிறது. குழந்தையை வாசலில் விட்டுவிட்டுத் தாய் திரும்பிவிடுகிறாள். பாட்டி எட்டிப் பார்ப்பதில்லை. தாராபாய் முற்றத்தைத் தேர்ந்தது, பெரியவர்களின் கண்முன்னே, அவர்களையும் சேர்த்துக்கொண்டு குழந்தை வளரவேண்டும் என்பதற்காக.

அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இன்றைய தாணேயிலும் மும்பையிலும் சென்னையிலும் முற்றமே இல்லை. சோற்றுக்குக் குறைவில்லாத வீடுகளிலும் நேரத்துக்குக் குறைவு வந்துவிட்டது. விடியுமுன் கூலிக்குச் சென்ற வார்லித் தாயைப் போலவே, விடியுமுன் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் தாயும் தந்தையும் இங்கே உண்டு. இவர்கள் குழந்தைகளைக் கைப்பேசியே பார்த்துக் கொள்கிறது. வறுமை வேறு, அதன் விளைவு ஏறத்தாழ ஒன்றே.

இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. மாடியில் உள்ள நான்கு வீட்டார் சேர்ந்தால் அந்த நடைபாதையே முற்றமாகும். ஓய்வுபெற்ற ஒரு தாத்தா மாலையில் கதை சொல்லலாம். ஒரு பாட்டி கோலம் போடக் கற்றுத் தரலாம். வீட்டில் பணிபுரியும் பெண்ணின் குழந்தையையும் அழைத்து அந்த வட்டத்தில் உட்கார வைக்கலாம். போர்டியின் முற்றத்தில் 53 வயதுப் பெண்மணி ஒருவர் துடைப்பத்தோடு தொடங்கியதும் இவ்வளவு எளிய செயலைத்தான்.